மஞ்சள் பூசிய எரிமலை

அன்று பள்ளிக்கூட முற்றத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். சட்டைப் பையில் மூன்று பேனா செருகிய தலைமை ஆசிரியர். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திய மண்டல கல்வி அதிகாரி. பால் சொம்போடு முனியம்மா. அவள் பின்னால், புது டையும் புது ஷூவும் போட்ட அவள் பிள்ளைகள் சீனு, தேவி. கற்பூரத் தட்டோடு தெருப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர். கேட்டுக்கு வெளியே ஆரன் அடித்துக்கொண்டே இருந்த தனியார் பள்ளி வேன்காரர். கரண்டியோடு நான். பள்ளிப் பிள்ளைகள் பதினெட்டு. நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மண் மலை. உச்சியில் ஓட்டை, உடம்பெல்லாம் மஞ்சள். அதன் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார் மண்ணு டீச்சர்.

ஆந்திராவில் டீச்சர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மண்ணைக் கண்டால் கால் மடங்கி உட்கார்ந்துவிடுகிற டீச்சர் இந்த ஒருத்தர்தான். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நாற்காலி மேல் எப்போதும் கல் இருக்கும்.

நான் அங்கே சமையல். நகரிக்குக் கொஞ்சம் தள்ளி, ஹைவேயை ஒட்டின சின்ன ஊர். வாசலில் நின்றால் நகரி மலையின் மூக்கு தெரியும். ஐந்தாவது வரைக்கும் உள்ள தமிழ்ப் பள்ளி. காலையில் ராகி ஜாவ என்கிற கூழ், மத்தியானம் சோறு, முட்டை, கடலை மிட்டாய். பெருக்குவதும் நான்தான். இதைச் சொல்லக் காரணம் உண்டு. அந்த அம்மா கொட்டின மண்ணை எல்லாம் அள்ளியது இந்தக் கைதான்.

டீச்சர் திருப்பதியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வந்த முதல் நாளே ஒரு பையை என்னிடம் நீட்டினார்.

"கன்னிம்மாக்கா, இத கொஞ்சம் புடிங்க."

பிடித்தேன். தோள் இறங்கிவிட்டது.

"இன்னா டீச்சர் உள்ள?"

"கல்லு."

"இங்க இல்லாத கல்லா?"

"இது வேற கல்லுக்கா. இது மேல கடல் இருந்திச்சு."

பார்த்தேன். ஈரம் கூட இல்லை. எனக்கு அரிசியில் கிடந்தால் எல்லாம் கல்தான். உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

அடுத்த வாரம் பாட்டில். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு வாசல் மண்ணை ஒரு பிடி கொண்டுவர வேண்டும். அதைத் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குலுக்கி வைக்க வேண்டும். அசையாமல் இருந்தால் கல் அடியில், மணல் அதன் மேலே, வண்டல் அதற்கும் மேலே படியுமாம். வகுப்பில் வைத்தால் அசைந்துவிடும் என்று என் சமையல் அலமாரியில் வரிசையாக வைத்தார். உப்பு, மிளகாய்த்தூள், சாக்கடை மண், உளுந்து, ஏரி மண். ஒரு நாள் அவசரத்தில் ராகி ஜாவ என்று ஒரு பாட்டிலைச் சாய்க்கப் போனேன். நிறம் ஒன்றுதான். நல்லவேளை, அதில் ஒரு நத்தை இருந்தது.

அதற்குப் பிறகு முட்டை. பிள்ளைகள் தட்டில் வேகவைத்த முட்டையை வைத்துவிட்டுத் திரும்புகிறேன். ஒருவரும் வாயில் வைக்கவில்லை. டீச்சர் ஒரு முட்டையைக் கையில் எடுத்து லேசாகத் தட்டி, ஓட்டில் விழுந்த வெடிப்பைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா? பூமியும் இப்படித்தான். மேல ஓடு, ஒடஞ்ச ஓடு. அது நகரும். ஒண்ணோட ஒண்ணு இடிச்சா பூகம்பம்."

உடனே எல்லாரும் முட்டையைத் தட்டினார்கள். ஓட்டை நகர்த்தினார்கள். இடித்தார்கள். ஒன்றாவது படிக்கிற ஒரு பெண் மட்டும் அழுதாள்.

"இன்னாடி?"

"நான் பூமிய துன்னமாட்டேன்."

அன்று பாதி முட்டை நாய்க்குப் போனது. அத்தனை முட்டை வீணானது எப்படி என்று தலைமை ஆசிரியர் என்னைக் கேட்டார். பூகம்பம் என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. நல்ல மனிதர். எதையும் அதற்கு மேல் கேட்கமாட்டார்.

வம்பு கடலை மிட்டாயில்தான் ஆரம்பித்தது. வேர்க்கடலைக்கு நடுவே வெல்லப்பாகு இறுகி நிற்பது போல, கூழாங்கல்லுக்கு நடுவே மண் இறுகி நின்றால் அதுவும் ஒரு வகைப் பாறை என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகளுக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. முனியம்மா மகன் சீனுவுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகப் புரிந்துவிட்டது. ஹைவேக்குக் கொட்டி வைத்திருந்த ஜல்லியில் ஒரு துண்டு எடுத்துக் கடித்துப் பார்த்தான். முன்பல் போயிற்று.

முனியம்மா ஊருக்கே கேட்கிற மாதிரி வந்தாள்.

"இன்னா டீச்சரம்மா, புள்ளைங்களுக்குக் கல்ல துன்னக் கத்துக்குடுக்கிறியா?"

"அது ஆடிக்கினு இருந்த பால்பல்லுதானேம்மா."

"ஆடிக்கினு இருந்தா? அதுவா விழட்டும். நீ இன்னாத்துக்கு விழ வெக்கற? யூனிபாரத்தப் பாரு. தெனம் செகப்பு. தோய்ச்சித் தோய்ச்சி என் கை போச்சி."

டீச்சர் தரையில் உட்கார்ந்தபடியே அவள் கொண்டுவந்த சட்டையை வாங்கிப் பார்த்தார். கறையை விரலால் தேய்த்தார்.

"இது உங்க தெரு மண்ணு இல்லையே. ஏரிக்கரைக்குப் போனானா?"

முனியம்மா என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன்.

திருமலைக்குப் போன கதையும் உண்டு. பிள்ளைகளைச் சாமி தரிசனத்துக்குக் கூட்டிப்போக டீச்சர் ஏற்பாடு செய்தார். பெற்றவர்களுக்குச் சந்தோஷம். உண்டியலில் போட மஞ்சள் துணியில் முடிந்து காசு கொடுத்து அனுப்பினார்கள். என்னையும் துணைக்கு அழைத்தார். மலைப்பாதையில் வண்டியை நிறுத்தக் கூடாது. அதனால் டிரைவரை மெதுவாக ஓட்டச் சொல்லி, பிள்ளைகளை எல்லாம் ஒரே பக்கம் நகர்த்தி, ஜன்னல் வழியே பாறையைக் காட்டினார். கீழே இருக்கிற பாறைக்கும் மேலே இருக்கிற பாறைக்கும் நடுவில் கணக்கில்லாத காலம் காணாமல் போயிருக்கிறதாம். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. டிரைவர் கோவிந்தா கோவிந்தா என்றார். அவர் மட்டும்தான் அன்று பக்தியோடு இருந்தார்.

மேலே போனதும் கல் தோரணம். இயற்கையாகவே வளைவாக நிற்கிற பாறை. அங்கே டீச்சர் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளும் உட்கார்ந்துவிட்டார்கள். எழுந்து போய்ப் பார்த்தால் எங்களுக்குக் கொடுத்த நேரம் தாண்டிவிட்டது. காசை வெளியே இருந்த உண்டியலிலேயே போட்டுவிட்டு, லட்டு மட்டும் வாங்கிக்கொண்டு இறங்கினோம்.

"சாமி எப்படிடா இருந்தாரு?" என்று முனியம்மா மகனைக் கேட்டாள்.

"சாமிய பாக்கலம்மா. கல்லுதான் பாத்தோம்."

முனியம்மா அன்றே முடிவு செய்துவிட்டாள். இரண்டு பிள்ளைகளையும் நகரி தனியார் பள்ளியில் சேர்ப்பது என்று. டை, ஷூ, வீட்டு வாசலுக்கே வேன்.

இதில் எனக்கென்ன என்று கேட்கலாம். சொல்கிறேன். தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"கன்னிம்மா, இப்ப இருக்கறது இருபது தலை. இருபதுக்குக் கீழ போனா நம்மள ஹைவேக்கு அந்தாண்ட இருக்கற தெலுங்கு ஸ்கூலோட சேத்துருவாங்க."

"என் அடுப்பு?"

"அங்க ஏற்கெனவே ஆள் கீது."

அந்த அடுப்புதான் என் வீட்டுக்கும் அடுப்பு. அன்றிலிருந்து டீச்சர் ஒரு பிள்ளை சட்டையில் மண் படவிட்டால் என் வயிற்றில் கை வைத்த மாதிரி இருக்கும். கேட்டும் பார்த்தேன்.

"டீச்சர், கொஞ்ச நாளைக்கு புஸ்தகத்துலயே சொல்லிக் குடுங்களேன்."

"புஸ்தகத்துல மண்ணு வாசன வராதேக்கா."

வேண்டாமே என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. களைப்பு. அவரோடு பேசி ஜெயிப்பதைவிடப் பெருக்குவது சுலபம்.

இன்னொன்று. சோற்றை ஒரு டீச்சர் ருசி பார்க்க வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் ஒரு கரண்டி வாங்கி நாக்கில் வைத்துவிட்டுப் போவார்கள். இவர் பிள்ளைகள் வரிசையில் சம்மணம் போட்டு, முழுத் தட்டு. காலையில் எத்தனை பேருக்கு உலை வைக்க என்று நான் கூவினால், தன்னையும் ஒரு பிள்ளையாகச் சேர்த்துத்தான் வகுப்பிலிருந்து எண்ணிச் சொல்வார். கணக்கில் ஒரு தலை எப்போதும் கூடும். அதற்கும் நான்தான் திட்டு வாங்குவேன்.

தீபாவளி நெருங்கும்போது, அதிகாரி வரப்போகிறார் என்று தகவல் வந்தது. தலைமை ஆசிரியர் சுவருக்கு வெள்ளை அடித்தார். டீச்சர் எரிமலை கட்டினார்.

ஏரிக்கரைச் செம்மண்ணைப் பிள்ளைகள் சுமந்து வந்தார்கள். முற்றத்தின் பின்பக்கம், சுவர் இடிந்த இடத்தில், குழைத்துக் குழைத்து ஏற்றினார்கள். உச்சியில் ஓட்டை விட்டு, உள்ளே வாயகன்ற பெரிய ஜாடியைப் புதைத்தார்கள். என் டப்பாவிலிருந்து சோடா மாவு, என் கூடையிலிருந்து எலுமிச்சம்பழம், பாத்திரம் துலக்குகிற என் சோப்புத் தண்ணீர். எல்லாம் என்னுடையது. சனிக்கிழமை சோடாவையும் சோப்பையும் ஜாடியில் கொட்டித் தயாராக வைத்தார்கள். எலுமிச்சைச் சாறு ஊற்றினால் பொங்கும். திங்கட்கிழமை அதிகாரி முன்னால் ஊற்றுவது.

நடுவில் ஞாயிறு. அந்த ஞாயிறு நாகுல சவிதி.

ஊர்ப் பெண்கள் வருஷா வருஷம் அன்று ஹைவே ஓரத்துப் பாம்புப் புற்றுக்குப் பால் ஊற்றுவார்கள். அந்த வருஷம் ரோடு அகலம் பண்ணும்போது ஜே.சி.பி. புற்றைத் தூக்கிவிட்டது. சொம்பைத் தூக்கிக்கொண்டு புற்றுத் தேடி அலைந்தவர்கள், இடிந்த சுவர் வழியாகப் பார்த்தார்கள். செம்மண். இடுப்பு உயரம். மேலே ஓட்டை. வேறென்ன வேண்டும்?

திங்கட்கிழமை காலையில் நான் போய்ப் பார்த்தபோது மலை முழுக்க மஞ்சள். மூன்று வரிசை குங்குமம். சாமந்திப் பூ. அடியில் எள்ளுருண்டை, மாவுருண்டை. சுற்றிலும் நூல். ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு கோழிமுட்டை உட்கார்ந்திருந்தது.

அது எரிமலை என்று எனக்குத் தெரியும். உள்ளே இருப்பது என் சோப்புத் தண்ணீர் என்றும் தெரியும். இருந்தாலும் மஞ்சள் வைத்தாகிவிட்டது. ஒரு தடவை சுற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

தலைமை ஆசிரியர் வந்தார். பார்த்தார். பேனா மூன்றும் நடுங்கின.

"கன்னிம்மா, இத எடுத்துரு. பத்து மணிக்கு அதிகாரி வர்றாரு."

"நான் மாட்டேன் சார்."

"மண்ணுதானம்மா."

"நேத்துவரைக்கும் மண்ணு. நீங்க எடுங்க சார்."

அவர் கிட்டே போனார். குங்குமத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். திரும்பி வந்துவிட்டார்.

டீச்சர் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். அவர் எப்போதும் போல மண்டி போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, இங்க பாருங்க. பால் இந்தப் பக்கம் உள்ள போயிருச்சு, இந்தப் பக்கம் நிக்குது. இது களிமண்ணு. பசங்கள கூப்பிடுங்க."

பதினெட்டுப் பேர் ஓடி வந்தார்கள். சீனுவும் தேவியும் இல்லை. அன்றிலிருந்து அவர்களுக்குத் தனியார் பள்ளி வேன்.

அதே நேரம், முந்தின நாள் வர முடியாத பெண்களும் தட்டோடு வந்தார்கள். முனியம்மாவும் வந்தாள். பிள்ளைகளை வேன் ஏற்றும் முன் பாலை ஊற்றிவிட்டுப் போகலாம் என்று இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். வெளியே வேன் நின்று ஆரன் அடித்தது. வேனுக்குப் பின்னால் அதிகாரியின் ஜீப்.

அதிகாரி ஊதுபத்திப் புகைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"ஏமிட்டி இதி?" என்றார். என்ன இது என்று அர்த்தம்.

"புட்ட சார்," என்றார் தலைமை ஆசிரியர். புற்று.

"எரிமல சார்," என்றார் டீச்சர்.

அதிகாரி இரண்டு பேரையும் பார்த்தார். தமிழுக்கு மாறினார்.

"எரிமலைன்னா மஞ்சள் எதுக்கு?"

நான் சொன்னேன்.

"மலைக்கும் வெப்போம் சார்."

அதிகாரி ஷூவைக் கழற்றினார்.

இத்தனை பேர் பேசியதில் ஒருவரும் சீனுவைக் கவனிக்கவில்லை. அவனும் ஒரு வாரம் மண் சுமந்தவன். எலுமிச்சைச் சாறு எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, டம்ளரோடு பிள்ளைகளுக்கு நடுவே புகுந்து, ஓட்டைக்குள் ஊற்றிவிட்டான்.

முதலில் ஒரு சத்தம். குடல் புரளுகிற மாதிரி. பிறகு முட்டை மெல்ல எழுந்தது. மேலே வந்து நின்றது. சுற்றிலும் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு நுரை. குங்குமத்தைக் கரைத்துக்கொண்டு சிவப்புச் சிவப்பாகப் பொங்கி, முட்டையை உருட்டிக் கொண்டுவந்து முனியம்மா காலடியில் விட்டது.

"தாயே நாகாத்தா!"

எல்லாப் பெண்களும் விழுந்தார்கள். முனியம்மா நின்றபடியே ஆட ஆரம்பித்தாள். தலைமை ஆசிரியர் கை கூப்பினார். அதிகாரியின் கை பாதி தூக்கியபடி நின்றது. பதினெட்டுப் பிள்ளைகளும் கை தட்டினார்கள்.

டீச்சர் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"அம்மா, அம்மா! எந்திரிங்க. சாமி இல்லம்மா, சோடா. நான் காட்டறேன். நீங்களே ஊத்திப் பாருங்க."

முனியம்மா ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நானா?"

"நீங்கதான். உங்க கையால."

டீச்சர் இன்னும் கொஞ்சம் சோடா கொட்டி, டம்ளரை அவள் கையில் கொடுத்தார். முனியம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டு ஊற்றினாள். பொங்கியது.

"என் கைக்கே வந்திச்சி!" என்று அலறினாள் முனியம்மா. "பாத்துக்கங்க எல்லாரும், என் கைக்கே வந்திச்சி!"

அதோடு முடிந்தது. எல்லாருக்கும் தன் கைக்கு வருமா என்று பார்க்க வேண்டும். வரிசை நின்றது. என் எலுமிச்சம்பழம் கூடையோடு தீர்ந்தது. என் சோடா மாவு தீர்ந்தது. அதிகாரியும் ஒரு தடவை ஊற்றினார். அவர் கைக்கும் வந்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை, ஆனால் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. ஒவ்வொருவருக்கும் டீச்சர் சோடாவைப் பற்றி விளக்கிச் சொன்னார். கடைசியில் குரல் கம்மி, மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

சீனு அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தான்.

"எம்மா, அது சோடாம்மா. நாங்கதான் வெச்சோம்."

"தெரியும் போடா. சோடாவப் பொங்க வெச்சது யாரு?"

டீச்சர் முதல் தடவையாகச் சிரித்துவிட்டார்.

வெளியே வேன்காரர் ஆரனை விடாமல் அழுத்தினார். முனியம்மா கேட்டுக்குப் போனாள். நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா நைனா, சும்மா பாம் பாம்னு?"

"புள்ளைங்க வரலியா? லேட்டாவுது."

"உங்க ஸ்கூல்ல புத்து கீதா?"

"இன்னாது?"

"இல்ல இல்ல? அப்ப போய்க்கினே இரு."

வேன் போய்விட்டது. முனியம்மா திரும்பி வந்து, பிள்ளைகளின் டையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். டீச்சரைப் பார்த்தாள்.

"சட்டைல மண்ணு பட்டிச்சின்னா ஒத வுழும். அவனுக்கில்ல, உனக்கு."

"சரிம்மா," என்றார் டீச்சர். அப்போதே சீனு சட்டை முழுக்க மஞ்சளும் நுரையும்.

அதிகாரி வகுப்பில் தலை எண்ணினார். இருபது. அடுத்த வாரம் பக்கத்துத் தெருவிலிருந்து இன்னொன்று வந்து சேர்ந்தது. புற்று இருக்கிற பள்ளிக்கூடம் என்று பெயர் பரவிவிட்டது. அடுப்பு எரிந்தது.

மலையை எடுக்க யாரும் விடவில்லை. மழையில் கரைந்தது. அது எப்படிக் கரைகிறது, எந்தப் பக்கம் வாய்க்கால் விழுகிறது என்று டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளுக்குக் காட்டினார். அவர் பஸ்ஸுக்குப் போன பிறகு பெண்கள் வந்து செம்மண் குழைத்து அடைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் அவர் மறுபடி காட்டினார். அவர்கள் மறுபடி அடைத்தார்கள். இரண்டு பக்கமும் சலிக்கவில்லை. நடுவில் சேறு பெருக்கியது நான்.

கோடையில் பொது மாறுதல் வந்தது. டீச்சருக்கு வெதுருகுப்பம் பக்கம். கற்களை எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். அங்கேயும் கல் இருக்கும்க்கா என்றார். பையை லேசாகத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். முனியம்மா கேட் வரை வந்தாள். என்னவோ சொல்ல வந்தவள், "டீச்சர், உன் பொடவைல மண்ணு," என்று மட்டும் சொன்னாள்.

இப்போது வந்திருக்கிற டீச்சர் நல்லவர். நாற்காலியில் உட்காருகிறார். தரை சுத்தமாக இருக்கிறது. என் இடுப்புக்கு நல்லது. பாட்டில்கள் மட்டும் அலமாரியில் அப்படியே இருக்கின்றன. அசைத்தால் கலங்கிவிடும். அதனால் துடைப்பதோடு சரி.

போன மாதம் மலையில் மெய்யாகவே கரையான் ஏறிவிட்டது. போனில் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு கூச்சல். "தொடாதீங்கக்கா! யாரும் தொடாதீங்க! நான் வர்றேன்!" இன்னும் வரவில்லை. பஸ் தூரம்.

காலையில் உலை வைக்கும் முன் எத்தனை என்று கூவுவேன். இருபத்தொன்று என்று வகுப்பிலிருந்து சொல்வார்கள். அரிசி அளப்பேன்.

இருபத்திரண்டு.